மார்க்கெட்டில் தீ: நாலு கடை போச்சு, மிச்சத்தையும் இடித்துவிடுவார்களா?

வெற்றிலைக்கவுளி | திங்கள், காலை 11.20

முதலில் ஒன்று. எந்த மார்க்கெட் என்று பெயர் போடவில்லை. சேலத்துக்காரர்கள் படித்ததும் கண்டுபிடித்துவிடுவீர்கள். கண்டுபிடித்தாலும் இங்கே எழுதவேண்டாம், கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விடியற்காலை இரண்டே முக்காலுக்கு வாட்ச்மேன் போன் செய்தார். நானும் அம்மாவும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எங்கள் வரிசையில் நாலு கடையும் முடிந்துவிட்டது. பூஜை சாமான் கடை, அதற்கு இந்தப் பக்கம் எங்கள் வெற்றிலை தேங்காய்க் கடை, அந்தப் பக்கம் இரண்டு பழக்கடை. தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்திருக்கிறது. சந்துக்குள் நுழைய முடியவில்லை. மேலே கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்து, முன்னால் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கிரேட்டுகளை நகர்த்தி, ஹோஸ் பைப்பை ஆள்கள் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியிருக்கிறார்கள். அந்த வீரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உயிர்ச்சேதம் இல்லை.

விடிந்ததும் அம்மா சாம்பலைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த கவுளிகள், அதாவது வெற்றிலைக் கட்டுகள், எரியவே இல்லை. வெந்து போயிருந்தன. சாக்கைப் பிரித்தபோது கீரை வேகவைத்த வாசனை வந்தது. எடைக்கற்கள் முழுசாகக் கிடைத்தன. கல்லாவில் இருந்த சில்லறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பற்று நோட்டு போய்விட்டது. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அதில்தான் இருந்தது.

இந்த இழையைத் தொடங்கியது இதற்காக மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் வந்து டேப் பிடித்து அளந்தார்கள். எரிந்த நாலு கடையை அளந்தால் சரி. எரியாத வரிசையையும் கடைசிவரை அளந்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு "சும்மா ரெக்கார்டுக்கு" என்றார்கள். அப்போதிலிருந்து மார்க்கெட்டில் ஒரே பேச்சு: மொத்தமாக இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்டப் போகிறார்கள், அதற்குத்தான் இந்தத் தீ.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்போது நாங்கள் என்ன செய்யவேண்டும்?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | திங்கள், மதியம் 12.05

தம்பி, அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வெற்றிலை அங்கேதான் வாங்குவோம் என்று நினைக்கிறேன். பெயர் போடமாட்டேன்.

அளந்தது எனக்கு நல்லதாகப் படவில்லை. 1985-ல் நான் மெட்ராஸில் வேலையில் இருந்தேன். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த கட்டடம், சிவப்புச் செங்கல், உள்ளே பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பொம்மை, பறவை என்று கிடைக்காதது கிடையாது. சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அங்கே போகாமல் இருக்கமாட்டேன். ரயில்வேக்கு அந்த இடம் வேண்டும், மார்க்கெட்டைக் காலி செய்யப் போகிறார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் மே 30-ம் தேதி எரிந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். சுவர்தான் நின்றது. நனைந்த புத்தகங்களை வியாபாரிகள் ரோட்டில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கொளுத்தினார்கள் என்று ஊரே பேசியது. நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. இன்றைக்கும் சென்ட்ரலில் அந்தப் பகுதிக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். பெயர் அங்கே இருக்கிறது, வியாபாரிகளை அல்லிக்குளம் கடை வளாகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய கட்டடத்தைப் போலவே சின்னதாக ஒரு மாதிரி செய்து ஸ்டேஷன் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒருமுறை பேரனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

எரிந்த இடத்தில் பழைய ஆள் திரும்ப உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உஷாராக இருங்கள்.

நாலுரோடு | திங்கள், மதியம் 12.40

நடந்தது வருத்தம்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் கொளுத்தினார்கள் என்று எழுதாதீர்கள். ஒருவர் எழுத, இன்னொருவர் அதை வாட்ஸப்பில் போட, நாளைக்கு அது செய்தியாகிவிடும்.

அந்த மாதிரி மார்க்கெட்டுகளைப் பற்றி நான் நினைப்பதையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மழை பெய்தால் முழங்காலுக்குச் சாக்கடை. தீயணைப்பு வண்டி நுழையாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் சித்தி இருபது வருஷமாக ஒரு மார்க்கெட்டில் கீரை விற்கிறார். விடியற்காலை மூன்றரைக்குப் போனால் மத்தியானம் வீட்டுக்கு வரும்வரை தண்ணீரே குடிக்கமாட்டார். ஏன் என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. பெண்கள் போக அங்கே கக்கூஸ் இல்லை, அதனால்தான். போன வருஷம் சிறுநீரகத்தில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இடிக்கவே கூடாது என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே வாங்கப் போகிறவர்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புதுக் கட்டடம் வேண்டும்.

தறிச்சத்தம் | திங்கள், மதியம் 1.15

புதுக் கட்டடம் வேண்டும், சரி. அதில் உங்கள் சித்திக்கு இடம் கிடைக்குமா?

ஒயர்மேன்_கிச்சிப்பாளையம் | திங்கள், மாலை 4.30

நான் எலக்ட்ரீஷியன். மார்க்கெட் கடைகளில் நிறைய வேலை பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்காமல் காரணம் சொல்லக்கூடாது. ஆனால் கடை சாத்தியபின் ராத்திரியில் பற்றியது என்றால் என் சந்தேகம் முதலில் ஒயர் ஜாயின்ட் மேல்தான் போகும்.

எங்கேயும் ஒரே கதைதான். ஒரு மீட்டர் இருக்கும். அதிலிருந்து ஆறு கடைக்கு லைன் இழுத்திருப்பார்கள். முதலில் ஒரு குண்டு பல்பு. அப்புறம் ஃபேன். அப்புறம் குளிர்பானம் வைக்க ஃபிரிட்ஜ். ஒயர் மட்டும் பல்புக்குப் போட்ட அதே ஒயர். இடையில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், அதுவும் ஒரு பக்கம் செம்பு, இன்னொரு பக்கம் அலுமினியம். நாளாக நாளாக அது லூஸாகும். லூஸான இடத்தில் சூடு ஏறும். டேப் உருகும். மேலே தார்ப்பாய், கீழே சாக்கு.

"எம்சிபி போட்டிருக்கிறோமே, அது விழாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். மீட்டர் பக்கத்தில் தானாக விழுந்து லைனை அணைக்கிற சுவிட்ச்தான் எம்சிபி. விழாது. எம்சிபி விழவேண்டுமென்றால் அளவுக்கு மேல் கரன்ட் போகவேண்டும், இல்லை ஷார்ட் ஆகவேண்டும். லூஸ் ஜாயின்ட்டில் போவது வழக்கமான கரன்ட்தான், சூடு அந்த ஒரு புள்ளியில் மட்டும். ஆர்சிசிபி என்கிற இன்னொரு சுவிட்சும் விழாது, அது கரன்ட் கசிவைப் பார்க்கிற சாமான். அதனால் ஜாயின்ட்டே இல்லாமல் லைன் இழுக்கவேண்டும், முடியாவிட்டால் முறையான கனெக்டர் போட்டு மூடிய பெட்டிக்குள் வைக்கவேண்டும். ஒரு கடைக்கு ஆகிற செலவு ஒரு நாள் வியாபாரத்தைத் தாண்டாது.

எரியாத வரிசையில் இருக்கிறவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஜாயின்ட் இருக்கிற இடத்தில் டேப் கறுத்திருக்கிறதா, மொறுமொறுவென்று உதிர்கிறதா பாருங்கள். கறுத்திருந்தால் அந்த லைனைத் திரும்பப் போடாதீர்கள்.

வெற்றிலைக்கவுளி | திங்கள், மாலை 6.50

ஒயர்மேன் அண்ணா, ரொம்ப நன்றி. இதைப் படித்ததும் அந்த ராத்திரி பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

"பெட்ரோல் ஊற்றாமல் பத்து நிமிஷத்தில் நாலு கடை எப்படி எரியும்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். இன்று மத்தியானம் பூஜை சாமான் கடை அண்ணனோடு உட்கார்ந்து என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஆடி வரப்போகிறது, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச் சரக்கு இறக்கி வைத்திருக்கிறார். கற்பூரம் மட்டும் பெரிய அட்டைப்பெட்டிகளில் ஆறு. அது தவிர விளக்கெண்ணெய் டின், ஊதுபத்தி, திரி நூல். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. கற்பூரத்தைப் பற்றி நமக்குத் தெரியாதா? சூடு பட்டாலே ஆவியாகிற பொருள், அந்த ஆவியே பற்றிக்கொள்ளும். எங்கள் கடையில் தேங்காய் நார் மூட்டை வேறு.

பெட்ரோலே தேவையில்லை. இதைச் சொல்வதால் யாரும் செய்யவில்லை என்று சாதிக்கிறேன் என்று அர்த்தமில்லை. வேகத்துக்குக் காரணம் எங்கள் சரக்கிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | திங்கள், இரவு 8.10

நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஒப்புக்கொள்கிறேன். தீ தானாகவே பற்றியிருக்கலாம். ஆனால் தானாகப் பற்றிய தீயை வைத்தும் ஆளைக் கிளப்பலாம் அல்லவா? 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. அங்கேயும் கடைகள்தான். அதற்கப்புறம் கோயிலுக்குள் கடையே இருக்கக்கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். அது கோயில், கடை இருக்கவேண்டிய இடமில்லை என்று சொல்லலாம், நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இத்தனை வருஷமாக முடியாதது ஒரு ராத்திரித் தீயில் நடந்ததா இல்லையா?

தறிச்சத்தம் | திங்கள், இரவு 9.30

மத்தியானம் ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போய்விட்டேன், ஷிஃப்ட் இருந்தது. இப்போது விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் அம்மாபேட்டை. அப்பா காலத்திலிருந்து ஈரோடு சந்தைக்குத் துண்டு, வேட்டி கொண்டுபோவோம். கனி மார்க்கெட்டில் தகரக் கூரைக் கடைதான், ஆனால் வாரச் சந்தை அன்றைக்கு ராத்திரி முழுக்க ஜனம் நிற்கும், கேரளாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வண்டி வரும். அதை எடுத்துவிட்டு மாநகராட்சி பெரிய ஜவுளி வளாகம் கட்டியது. கட்டடம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடை ஏலத்துக்கு வந்தபோது கேட்ட வைப்புத்தொகையும் வாடகையும் கட்டுப்படியாகாது என்று பழைய வியாபாரிகள் போராட்டம் நடத்தவேண்டி வந்தது.

நாலுரோடு அண்ணனுக்கு இதுதான் பதில். கட்டடம் யாருக்கும் எதிரி இல்லை. கட்டி முடித்தபின் பொது ஏலம் என்று ஒரு வார்த்தை போடுவார்கள் பாருங்கள், அங்கேதான் கழுத்து அறுபடுகிறது. ஏலம் என்றால் பணம் இருக்கிறவன் எடுப்பான். உங்கள் சித்தி கீரைக் கட்டோடு ஏலத்தில் போய் நிற்க முடியுமா?

நாலுரோடு | திங்கள், இரவு 10.05

நிற்க முடியாது. அது உண்மைதான்.

ஆனால் நம் ஊரில் நடந்ததையும் பாருங்கள். பழைய பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்தபோது பஸ்ஸெல்லாம் போஸ் மைதானம் பக்கம் போனது. எல்லோரும் முணுமுணுத்தோம். 2023-ல் ஈரடுக்கு பஸ் ஸ்டாண்ட் திறந்தார்கள். வ.உ.சி. மார்க்கெட்டும் அதே திட்டத்தில் புதிதாகக் கட்டியதுதான். இடித்தாலே அழிந்துவிடும் என்று இல்லை.

தறிச்சத்தம் | திங்கள், இரவு 10.20

நடுவில் எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. பஸ் எங்கே நிறுத்தினாலும் ஜனம் தேடி வந்து ஏறும். பூக்காரி தள்ளிப்போனால் தேடி வராது.

ஓசூர்_தாண்டி | செவ்வாய், காலை 7.45

சொந்த ஊர் சேலத்தில் குகைப் பகுதி, இப்போது பதினாறு வருஷமாக பெங்களூர். மூர் மார்க்கெட் கதையைப் படித்து எல்லோரும் மனம் விட்டுவிடக்கூடாது என்று எழுதுகிறேன்.

இங்கே சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் இருக்கிறது. 1927-ல் கட்டியது. காய், பழம், பூ, மீன், கறி எல்லாம். நான் தங்கியிருந்த அறை பக்கத்தில்தான். இடித்துவிட்டு நவீன வளாகம் கட்டுவோம் என்று அங்கேயும் ரொம்ப வருஷமாகப் பேச்சு இருந்தது. 2012 பிப்ரவரி 25 விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே பெரும்பகுதி எரிந்தது. இதோடு முடிந்தது, இனி மால்தான் என்று எல்லோரும் பேசினோம்.

வியாபாரிகள் கலையவில்லை. சங்கமாகச் சேர்ந்து கைக்காசு போட்டுக் கூரையைச் சரிசெய்து, தூணுக்குப் பூச்சுப் பூசி, திரும்பக் கடை போட்டார்கள். எரிந்த சில நாளிலேயே வாசலில் பழக்கூடை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தாத்தாவிடம் ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். காலி இடமாக விட்டால் காலி இடம் என்றே எழுதிவிடுவார்கள் என்றார். அந்தக் கட்டடம் இன்றும் மார்க்கெட்டாக இருக்கிறது.

அம்மாவை ஒரு கூடை வெற்றிலையோடு நாளைக்கே போய் உட்காரச் சொல்லுங்கள். வியாபாரம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை.

சட்டம்_மூன்றாம்_ஆண்டு | செவ்வாய், காலை 9.10

வணக்கம். சட்டக் கல்லூரி மாணவி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கெட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை, சட்டம் வேறு வேறு. கடை எண்ணோடு குத்தகை எடுத்து வாடகை கட்டுகிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் இருப்பதுதான் உரிமை. குத்தகைக் காலம் முடிந்துவிட்டதா, புதுப்பித்தார்களா, கடைசி ரசீது எந்த மாதம் என்பதை முதலில் பாருங்கள். வாடகை பாக்கி இருந்தால் முதல் வேலையாகக் கட்டுங்கள். கடை எரிந்துவிட்டதே, எதற்கு வாடகை என்று நிறுத்திவிடாதீர்கள்.

வாசலிலும் சந்திலும் தரையில் உட்கார்ந்து விற்பவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு 2014-ம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ் தரவேண்டும். இதையெல்லாம் முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் குறைந்தது 40 சதவீதம் இருக்கவேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. 50 ஆண்டுக்கு மேல் சாலையோர வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தையை, அதாவது விற்பவர்களும் வாங்குபவர்களும் வழக்கமாகக் கூடும் இடத்தை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை சொல்கிறது. உங்கள் மார்க்கெட் வாசலில் மூன்று தலைமுறையாகப் பூ விற்கிறவர்கள் இருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உள்வாடகைக்கு இருப்பவர்கள் மூன்றாவது வகை. அவர்கள் நிலைமைதான் ரொம்பக் கஷ்டம். காகிதத்தில் அவர்கள் இல்லவே இல்லை.

வெற்றிலைக்கவுளி | செவ்வாய், மதியம் 2.30

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் மூன்றாவது வகை. முதல் பதிவில் எழுதியிருக்கவேண்டும், கை வரவில்லை. கடை எங்கள் பெயரில் இல்லை. அப்பா 22 வருஷத்துக்கு முன்னால் ஒருவரிடம் அட்வான்ஸ் கொடுத்து எடுத்தது. எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ப்பேச்சு. மாதாமாதம் அவருக்கு வாடகை கொடுக்கிறோம், அவர் தன் பெயரில் ரசீது போட்டுக்கொள்கிறார். அவர் நல்லவர், ஒருநாளும் காலி செய் என்று சொன்னதில்லை. அப்பா போனபின் வாடகை ஏற்றவும் இல்லை. ஆனால் நாளைக்கு இழப்பீடோ மாற்றுக் கடையோ வந்தால் அவர் பெயரில்தான் வரும். இன்று காலை அவரே போன் செய்து, "அக்கா, நான் என்ன எழுதிக் கொடுக்கணுமோ கொடுக்கறேன், ஆனா உள்வாடகை விட்டேன்னு எழுதினா எனக்கும் கடை போயிருமே" என்றார். அவரைத் தப்புச் சொல்ல முடியவில்லை.

எங்கள் வரிசையில் எண்ணிப் பார்த்தேன். 18 கடை. அதில் 11 கடையில் உட்கார்ந்திருப்பவரும் ரசீதில் இருப்பவரும் வேறு வேறு ஆள்.

அளக்க வந்தவர்கள் கடையை அளந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு ஆளிடமும் பெயர் கேட்கவில்லை. இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

பாலிசி_அக்கா | செவ்வாய், மாலை 5.00

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இப்போது சொல்வது எரிந்த நாலு கடைக்கு உதவாமல் போகலாம், மற்றவர்களாவது படியுங்கள்.

சின்ன வியாபாரத்துக்கென்று 2021 ஏப்ரலிலிருந்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரு தீக்காப்பீட்டுத் திட்டம் எல்லா பொதுக்காப்பீட்டு கம்பெனிகளிலும் இருக்கிறது. ஒரே இடத்தில் 5 கோடி வரைக்கும் உள்ள சொத்துக்குப் போடலாம், சின்னப் பெட்டிக்கடையும் அதற்குள் வரும். கடை வாடகைக்கு என்றாலும் உள்ளே இருக்கும் சரக்கு உங்களுடையது, அதற்கு நீங்கள் போடலாம்.

பாலிசி இருக்கிறவர்கள் தீப்பிடித்ததும் உடனே கம்பெனிக்குச் சொல்லவேண்டும், போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கவேண்டும், தீயணைப்புத் துறையிடம் அறிக்கை கேட்கவேண்டும். சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை சாம்பலை அள்ளாதீர்கள். போன வாரம்வரை வாங்கிய சரக்குக்கு பில் இருக்கிறதா பாருங்கள், வெற்றிலை பயிரிடும் கொடிக்கால்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததும் பரவாயில்லை.

தம்பி, அம்மா பெயரில் கியூஆர் அட்டை வைத்திருந்தார்களா? இருந்தால் பேங்கில் போய் இரண்டு வருஷத்து ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். தினமும் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாக விழுந்திருக்கும். வியாபாரம் நடத்தினார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? சிறுதொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவும் செய்துவிடுங்கள், ஆதார் இருந்தால் இணையத்தில் இலவசம். யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சேர்வராயன்_மலை | செவ்வாய், இரவு 7.40

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முதல் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அந்த மார்க்கெட் ஓரத்தில் வந்து உட்காருவார்கள். பட்டர் ஃப்ரூட், கொய்யா, பலாக் காலத்தில் பலா, மிளகு கொஞ்சம் துணியில் முடிந்துகொண்டு வருவார்கள். அவர்களுக்குக் கடை கிடையாது, மேடை கிடையாது, நாளும் நிலையில்லை. காய் இருக்கிற நாள் வருவார்கள். கணக்கெடுப்புக்கு வருகிற அன்றைக்கு அவர்கள் மலையில் இருந்தால் அவர்கள் வியாபாரியே இல்லை என்று ஆகிவிடும். சட்டம் படிக்கிற தங்கச்சி, இவர்களுக்கு எந்த வகை?

மார்க்கெட்டை ஊருக்கு வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்றும் சொல்கிறேன். இப்போது பஸ்ஸை விட்டு இறங்கிக் கூடையைத் தலையில் வைத்தால் பத்து நிமிஷம். வெளியே போனால் இன்னொரு பஸ், அதில் கூடைக்குத் தனி டிக்கெட், கண்டக்டரோடு சண்டை. முப்பது கிலோ காய்க்கு அது தாங்காது. காயைத் தோட்டத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, கொடுக்கிற விலையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்குப் பதிலாகக் கள்ளிக்குடியில் கட்டினார்களே, வியாபாரிகள் போகவே மாட்டோம் என்று நின்றார்கள். கட்டடம் சரியில்லை என்று அல்ல, தூரம்.

சட்டம்_மூன்றாம்_ஆண்டு | செவ்வாய், இரவு 8.25

அக்கா, அவர்களும் சாலையோர வியாபாரிகள்தான். தினமும் வரவேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் பட்டியலில் பெயர் ஏறவேண்டும். நீங்கள் சொல்வதுதான் நடைமுறைச் சிக்கல். கணக்கெடுப்பு தேதியை முன்கூட்டியே அறிவிக்கவேண்டும், வராத நாள் வியாபாரிகளையும் சேர்க்கவேண்டும் என்று குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

நாலுரோடு | செவ்வாய், இரவு 9.15

நேற்றைக்கு நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கக்கூஸ் வேண்டும், நல்ல கூரை வேண்டும், தீயணைப்பு வண்டி நுழைகிற வழி வேண்டும் என்பதில் மாறவில்லை. ஆனால் சித்தியிடம் இன்று கேட்டேன், உனக்கு ரசீது ஏதாவது இருக்கா என்று. தினமும் சுங்கம் வசூலிக்கிறவர் கிழித்துக் கொடுக்கும் துண்டுச்சீட்டு மட்டும்தான். அதில் பெயர் இல்லை, தேதியும் தொகையும்தான். அதையும் சாயங்காலம் அடுப்பில் போட்டுவிடுவாராம். இனிமேல் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், கட்டுகிறதாக இருந்தால் கீரை, பூ, வெற்றிலை எல்லாம் தரைத்தளத்தில்தான் இருக்கவேண்டும். வாழை இலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி யாரும் வாங்கமாட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் | செவ்வாய், இரவு 10.00

தம்பி, நான் தீ வைத்தது யார் என்பதையே பிடித்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷமாக மூர் மார்க்கெட்டைப் பற்றியும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அங்கே எத்தனை பேர் கடை வைத்திருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் அல்லிக்குளம் போனார்கள், மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் வழக்கமாகப் புத்தகம் வாங்கியவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒரு யோசனை. அவர்கள் கணக்கெடுக்க வருவதற்கு முன்னால் நீங்களே எடுத்துவிடுங்கள். ரசீதில் யார் பெயர் என்று கேட்காமல், எந்த இடத்தில் யார் உட்காருகிறார்கள், எத்தனை வருஷமாக, என்ன விற்கிறார்கள் என்று மட்டும். மூட்டை தூக்குகிறவர்களையும் சேருங்கள். போட்டோவோடு. நான் ரிட்டயர் ஆனவன், கையெழுத்து நன்றாக இருக்கும். நாளைக்குக் காலை வருகிறேன், எந்த வாசலில் நிற்கவேண்டும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

ஒயர்மேன்_கிச்சிப்பாளையம் | புதன், காலை 6.05

நானும் வருகிறேன். ஜாயின்ட் பார்த்துக்கொண்டே எண்ணலாம்.

வெற்றிலைக்கவுளி | வியாழன், இரவு 9.40

இரண்டு நாளாக எழுத நேரமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓசூர்_தாண்டி அண்ணன் சொன்னபடி அம்மா புதன்கிழமை விடியற்காலை போய் உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் பார்க்கவேண்டும் என்று பூஜை சாமான் கடைப் பக்கம் கயிறு கட்டி வைத்திருக்கிறது. அதற்கு வெளியே ஒரு பலகை, நாற்பது கவுளி, ஒரு மூட்டைத் தேங்காய். மத்தியானத்துக்குள் விற்றுவிட்டது. வாங்க வந்தவர்களில் மூன்று பேர் பழைய பாக்கியைக் கொடுத்தார்கள். நோட்டு எரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். டீக்கடை அண்ணன் 840 ரூபாய் என்று தானே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மாவுக்கு 600 என்றுதான் ஞாபகமாம்.

பட்டியல் எடுத்தோம். செவ்வாய்ப்பேட்டைப் பெரியவர் நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து கட்டம் போட்டு எழுதினார். ஒயர்மேன் அண்ணன் ஒன்பது இடத்தில் டேப் கறுத்த ஜாயின்ட் கண்டுபிடித்தார். அதில் ஒன்று மீன் கடைக்கு மேலே, கையால் தொட்டதும் உதிர்ந்தது. கடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறோம்.

உள்வாடகைக்காரர்கள் முதலில் பெயர் சொல்லவே பயந்தார்கள். சொன்னால் இருப்பதும் போய்விடுமோ என்று. அம்மா எழுந்து வந்து முதல் வரியில் தன் பெயரை எழுதச் சொன்னார். கடை எண் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று பெரியவர் கேட்டார். "பூஜைக் கடைக்கு மேக்கால, வேப்பமரத்துக்கு நேரா" என்று எழுதச் சொன்னார். அதற்கப்புறம் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். குழாயடிக்குப் பக்கம். சிமென்ட் திட்டில் மூன்றாவது. பிள்ளையாருக்கு எதிரில். சட்டம் படிக்கிற தங்கச்சி, இதை அப்படியே கொடுக்கலாமா, இல்லை வரைபடம் போட்டு எண் கொடுக்கவேண்டுமா? சொல்லுங்கள்.

கடைகள் 18, ஆனால் நோட்டில் இன்று இரவு வரை 73 பெயர். மலையிலிருந்து வருகிறவர்களில் இரண்டு பேர்தான் வந்தார்கள், மற்ற ஐந்து பேரின் பெயரை அவர்கள் சொல்லி எழுதியிருக்கிறோம். சேர்வராயன்_மலை அக்கா, சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். போட்டோவும் வேண்டும்.

கடைசியாகக் கறிவேப்பிலைப் பாட்டி. கூட்டத்துக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். "நான் உக்காரறது இல்லயே சாமி, நடந்துக்கிட்டே விக்கறேன். என்னை எங்கன்னு எழுதுவீங்க?" என்று கேட்டார். பெரியவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. இடம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, பெயரை எழுதி, 31 வருஷம் என்று போட்டிருக்கிறோம்.